ரஷ்ய மாமனார் மாமியார் பொங்கலுக்கு நெல்லை வருகிறார்கள், முதல் வெளிநாட்டுப் பயணம்: யோசனை வேண்டும்

நெல்லை_மருமகன் | 18 நவம்பர் 2024

வணக்கம் நண்பர்களே. என் மனைவி ரஷ்யாவில் இஷெவ்ஸ்க் ஊர்க்காரர். நான் மாஸ்கோவில் வேலை பார்த்தபோது பழக்கம், 2021இல் அங்கேயே பதிவுத் திருமணம். கொரோனா நேரம் என்பதால் என் அப்பா அம்மா வர முடியவில்லை. இப்போது நாங்கள் திருநெல்வேலியில் என் பெற்றோருடன் இருக்கிறோம். ஒன்றரை வயதில் பெண் குழந்தை.

ஜனவரி 3ஆம் தேதி மாமனாரும் மாமியாரும் மூன்று வாரத்துக்கு வருகிறார்கள். அவருக்கு 67, அத்தைக்கு 64. இருவரும் இதுவரை நாட்டை விட்டு வெளியே போனதில்லை. மாமனார் வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் லேத்து வேலை பார்த்தவர். சோவியத் காலத்தில் அந்த ஊருக்குள் வெளிநாட்டார் போகவே முடியாது. அவரைப் போல ரகசிய அனுமதியோடு வேலை பார்த்தவர்கள் வெளியே போவதும் அவ்வளவு சுலபம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் அவருக்குத் தோன்றவில்லை. பேத்தி பிறந்த பிறகுதான் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பித்தார்.

என் கவலைகள்: எங்கள் வீடு சுத்த சைவம், அவர் தினமும் இறைச்சி சாப்பிடுகிறவர். என் பெற்றோருக்குத் தமிழ் மட்டும், அவர்களுக்கு ரஷ்யன் மட்டும். வீட்டில் தங்க வைப்பதா, பக்கத்தில் நல்ல ஹோட்டலில் அறை போடுவதா? கன்னியாகுமரி, ராமேஸ்வரம், மதுரை, தஞ்சாவூர், கொடைக்கானல், மூணாறு என்று ஒரு சுற்றுத் திட்டம் போட்டிருக்கிறேன். சம்பந்திகள் முதல் முறையாக நேரில் பார்க்கப் போகிறார்கள். எதுவும் சொதப்பிவிடக் கூடாது என்று தூக்கமே வரவில்லை.

கூர்ஸ்க்_டாக்டர் | 18 நவம்பர் 2024

நான் கூர்ஸ்கில் ஆறு வருடம் எம்.பி.பி.எஸ். படித்தவன். முதலில் காகித வேலையை முடித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ரஷ்யர்களிடம் இரண்டு பாஸ்போர்ட் உண்டு. உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று. வயதானவர்களுக்குப் பாஸ்போர்ட் என்றாலே உள்நாட்டுப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். இ-விசா விண்ணப்பத்தில் அந்த எண்ணைப் போட்டுவிட்டுத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்களே கூட இருந்து நிரப்புங்கள். அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து இருவரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள்.

அடுத்தது பணம். 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு என்ற அட்டை நிறுவனங்கள் ரஷ்யாவில் சேவையை நிறுத்திவிட்டன. அங்கே வாங்கிய அந்த அட்டைகள் இங்கே ஏ.டி.எம்.மில் வேலை செய்யாது. ரூபிளை நம் ஊரில் மாற்றுவதும் கஷ்டம். புறப்படும் முன்பே டாலராக மாற்றி எடுத்து வரச் சொல்லுங்கள். ரொக்கம் 5,000 டாலருக்கு மேல் இருந்தால் இங்கே சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். உங்களிடம் கை நீட்டும் நிலை வந்தால் மாமனாருக்கு மிகவும் சங்கடமாக இருக்கும். அந்தத் தலைமுறையே அப்படித்தான்.

வீட்டில் தங்க வைத்தால் வெளிநாட்டு விருந்தினரைப் பதிவு செய்ய மறக்காதீர்கள். ஹோட்டல்காரர்கள் தாங்களே பதிந்துவிடுவார்கள். வீடு என்றால் நீங்கள்தான் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். கணக்கை இப்போதே தொடங்கி வையுங்கள்.

எந்த வழியாக வருகிறார்கள்?

நெல்லை_மருமகன் | 18 நவம்பர் 2024

மாஸ்கோ, துபாய், திருவனந்தபுரம். துபாயில் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

கூர்ஸ்க்_டாக்டர் | 18 நவம்பர் 2024

ரஷ்யர்களுக்கு அமீரகத்தில் விசா தேவையில்லை. விமானம் தவறினாலும் வெளியே வந்து தங்கலாம், அதை அவர்களிடம் சொல்லிவையுங்கள், பாதிப் பயம் போய்விடும். ஒரு தாளில் இடப்பக்கம் ரஷ்யனிலும் வலப்பக்கம் ஆங்கிலத்திலும் வாக்கியங்கள் எழுதிக் கொடுங்கள். 'எங்கள் அடுத்த விமானம் எந்த வாயிலில்?', 'என் மகளுக்கு இந்த எண்ணில் அழைத்துத் தர முடியுமா?' இந்த மாதிரி. விரலை வைத்துக் காட்டினால் போதும். இந்தியா வருகிறவர்கள் நிரப்பும் வருகைச் சீட்டின் மாதிரி ஒன்றை உங்கள் முகவரியோடு நிரப்பி அனுப்புங்கள், அதைப் பார்த்து எழுதிவிடுவார்கள்.

பொன்மலை | 19 நவம்பர் 2024

என் கருத்து: ஹோட்டல்தான். வயதானவர்களுக்கு ஏ.சி., வெந்நீர், பழகிய கழிப்பறை எல்லாம் வேண்டும். சைவ வீட்டில் மூன்று வாரம் அவர்களைக் கட்டிப்போடுவது பாவம். பகலில் வீட்டுக்கு அழைத்து வாருங்கள், ராத்திரி அவர்கள் இஷ்டப்படி சாப்பிட்டுத் தூங்கட்டும். இரண்டு பக்கமும் மரியாதை கெடாது.

பெங்களூர்_மருமகள் | 19 நவம்பர் 2024

நான் எதிர்ப்பக்கம். என் கணவர் ரஷ்யர், சராத்தவ் ஊர். 2019இல் மாமியார் எங்கள் இரண்டு அறை ஃபிளாட்டுக்கு ஐந்து வாரம் வந்திருந்தார். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் வாரமே சமையலறை அவர் கைக்குப் போய்விட்டது. நான் ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் என் அஞ்சறைப்பெட்டி மேல் தட்டில் இருந்தது, அடுப்பில் சூப் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் சத்தம் போட்டுவிட்டேன். அவர் அழுதார். கணவர்தான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பேசினார். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. மொழி தெரியாத ஊரில் தனியாகக் கடைக்குக்கூடப் போக முடியாமல், வீட்டில் நாள் முழுக்க என்ன செய்வார் அவர்? நாற்பது வருடம் குடும்பத்தை ஆண்ட பெண். அவருக்கு அந்தச் சூப்பு மட்டும்தான் தெரிந்த வேலை.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். காலையில் பதினொரு மணி வரை சமையலறை அவருடையது, அதற்குப் பிறகு என்னுடையது. கடைசி நாளில் ஏர்போர்ட்டில் அவர் என்னை விட மறுத்தார்.

அதனால் ஹோட்டல் வேண்டாம். ஹோட்டல் அறையில் அவர்களுக்குச் செய்ய எதுவுமே இருக்காது. ஆனால் ஒரே சமையலறையும் வேண்டாம். மாடியில் ஓர் அறையும் ஒரு இண்டக்ஷன் அடுப்பும் இருந்தால் அதுவே போதும்.

வடமராட்சி | 20 நவம்பர் 2024

மாஸ்கோவிலிருந்து எழுதுகிறேன். லுமும்பா பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து இங்கேயே குடும்பமாகி முப்பது வருடம் ஆகிறது.

தம்பி, உங்கள் திட்டத்தில் ஆறு ஊர் இருக்கிறது, உங்கள் அம்மா இல்லை. அவரைக் கேட்டீர்களா? வரப்போகும் இரண்டு பேருடைய சௌகரியத்தையே எல்லோரும் கதைக்கிறோம். மூன்று வாரம் அந்த வீட்டை நடத்தப் போவது உங்கள் அம்மா. முட்டை எங்கே வேகலாம், எங்கே வேகக் கூடாது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

ரஷ்ய மொழியில் சம்பந்திக்குச் சொல் உண்டு. ஆண் சம்பந்தி ஸ்வாத், பெண் சம்பந்தி ஸ்வாத்யா. ஆங்கிலத்தில் இந்த உறவுக்குப் பெயரே இல்லை, இந்த இரண்டு மொழியிலும் இருக்கிறது. ஆகவே உங்கள் பெற்றோர் யார், தங்களுக்கு என்ன உறவு என்று அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பெயர் விஷயமும் அப்படித்தான். பெரியவரை வெறும் பெயரால் அழைப்பதில்லை, தகப்பன் பெயரைச் சேர்த்துத்தான் அழைப்பார்கள். இவானின் மகன் இவானோவிச், மகள் இவானோவ்னா. நம்முடைய இனிஷியல் தகப்பன் பெயர்தான் என்று உங்கள் மாமனாருக்குச் சொல்லிப் பாருங்கள், உங்கள் அப்பாவுக்கும் அவரே ஒரு தகப்பன் பெயர் செய்து வைத்துவிடுவார்.

பரிசாக ஒரு வோட்கா போத்தல் கட்டாயம் வரும். அப்பா குடிக்காதவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆனாலும் கொண்டு வருவார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். வாங்கி அலமாரியில் வையுங்கள். முதல் விருந்தில் மாமனார் கோப்பையோடு எழுந்து நின்று பேசுவார், அதில் எது ஊற்றியிருந்தாலும் சரி. அப்பாவும் பதிலுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும். முன்பே யோசித்து வைக்கச் சொல்லுங்கள்.

பூக்கொத்து வாங்கினால் ஒற்றைப்படை எண்ணிக்கை. இரண்டு, நான்கு எல்லாம் இங்கே செத்த வீட்டுக்குத்தான்.

பொன்மலை | 20 நவம்பர் 2024

அம்மாவைக் கேட்க வேண்டும் என்பது சரி. ஆனால் ஊர் சுற்றுவதை வேண்டாம் என்கிறீர்களா? அவர்கள் சேமிப்பைச் செலவழித்து, வாழ்க்கையில் முதல் முறையாக வருகிறார்கள். மறுபடி வருவார்களா என்று யாருக்கும் தெரியாது. தஞ்சைப் பெரிய கோவிலைப் பார்க்காமல் திருப்பி அனுப்புவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

வடமராட்சி | 20 நவம்பர் 2024

வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. என் மனிசியின் தாய் தகப்பனை 1998இல் கொழும்புக்குக் கூட்டிப் போனேன், நீங்கள் சொல்லும் அதே எண்ணத்தோடு. பத்து நாளில் கண்டி, நுவரெலியா, காலி எல்லாம் காட்டினேன். இன்றைக்கும் மாமி கதைப்பது எதைப்பற்றித் தெரியுமா? வெள்ளவத்தையில் என் அக்கா வீட்டு வாசலில் இருந்து தேங்காய் திருவிய அந்த ஒரு பின்னேரம்தான். மலையைப் பற்றிக் கேட்டால் கார் வளைவில் தலை சுற்றியது என்கிறார்.

கூர்ஸ்க்_டாக்டர் | 21 நவம்பர் 2024

உடல் சம்பந்தமாகச் சில விஷயங்கள். சின்னதாகத் தெரியும், ஆனால் சண்டை இதில்தான் வரும்.

ரஷ்யர்களுக்குக் காற்றோட்டம் என்றால் பயம். இரண்டு ஜன்னல் எதிரெதிரே திறந்திருந்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். ஃபேன் நேராக மேலே படக் கூடாது. ஏ.சி.யும் அப்படியே. குழந்தையை வெறும் தரையில் உட்கார வைத்தால் மாமியார் ஓடி வந்து தூக்குவார், பெண்கள் குளிர்ந்த தரையில் உட்கார்ந்தால் கர்ப்பப்பை கெடும் என்று அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்திருப்பார். உங்கள் அம்மா தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதைப் பார்த்தும் பதறுவார். ஒரு பாயை எப்போதும் விரித்தே வையுங்கள்.

அவர்கள் ஒரு மருந்துப் பை கொண்டு வருவார்கள். கரி மாத்திரை, பச்சை நிறத்தில் புண் மருந்து எல்லாம் அதில் இருக்கும். குழந்தைக்கு அதிலிருந்து எதையும் கொடுப்பதற்கு முன் கேட்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை மூன்று வாரத்துக்கும் சேர்த்துக் கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது.

சாப்பாட்டில் ஒரு நல்ல செய்தி. உங்கள் மாமியார் ஆர்த்தடாக்ஸ் சர்ச்சுக்குப் போகிறவரா? அப்படியானால் நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரை அவர்களுக்கு நோன்பு. இறைச்சி, பால், முட்டை கிடையாது. ஜனவரி 7தான் அவர்களுடைய கிறிஸ்துமஸ். நோன்புச் சமையல் என்று சொன்னால் சைவ வீடு அவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும். உலர்திராட்சை போட்ட இனிப்புச் சோறு அங்கே பல ஊர்களில் சாவு வீட்டில் பரிமாறுவது. கூத்யா என்று பெயர். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவிலும் செய்வார்கள், என்றாலும் நிறையப் பேருக்கு முதலில் நினைவுக்கு வருவது சாவுதான். சர்க்கரைப் பொங்கலைக் கையில் கொடுக்கும் முன் அது என்ன என்று உங்கள் மனைவி சொல்லிவிடட்டும்.

நெல்லை_மருமகன் | 24 நவம்பர் 2024

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் பேசினேன். நான் கேட்பேன் என்றே காத்திருந்தது போல இருந்தது. 'மாடியில் அவங்க இஷ்டப்படி என்ன வேணா பண்ணிக்கட்டும், அந்தப் பாத்திரம் கீழே வரக் கூடாது, அவ்வளவுதான்' என்றாள். மாடி அறைக்கு இண்டக்ஷன் அடுப்பும் தனிப் பாத்திரமும் வாங்கிவிட்டேன். மூணாறு, கொடைக்கானல், ராமேஸ்வரம் மூன்றையும் எடுத்துவிட்டேன். தஞ்சாவூரைப் பொன்மலை ஐயாவுக்காக வைத்திருக்கிறேன்.

நெல்லை_மருமகன் | 2 பிப்ரவரி 2025

அவர்கள் ஜனவரி 24 புறப்பட்டுப் போனார்கள். பத்திரமாகச் சேர்ந்தாயிற்று. விவரமாக எழுதுகிறேன்.

துபாயில் அந்தத் தாள் வேலை செய்தது. ஆனால் ஐந்து மணி நேரமும் வாயில் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு டீகூட வாங்கவில்லை. எழுந்து போனால் விமானம் போய்விடும் என்று பயம். அடுத்த முறை கையில் சாப்பாடு கொடுத்துவிடச் சொல்ல வேண்டும், இதை நான் யோசிக்கவே இல்லை. இஷெவ்ஸ்கில் மைனஸ் 15, திருவனந்தபுரத்தில் 31. மாமனார் கனமான கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நாங்கள் கொண்டு போன ஐந்து ரோஜாவை அத்தை எண்ணிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

முதல் மூன்று நாள் நன்றாக இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா அவர்களை எழுந்திருக்கவே விடவில்லை. தட்டை எடுத்தால் பிடுங்குவாள், துடைப்பத்தைத் தொட்டால் 'ஐயோ, உட்காருங்க' என்பாள். நம் ஊரில் அதுதான் மரியாதை. மாமனார் கூடத்தில் நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருப்பார், ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர் போல. மூன்றாம் நாள் ராத்திரி என் மனைவியிடம், 'நாங்கள் இங்கே பாரமாக இருக்கிறோமா?' என்று கேட்டிருக்கிறார். அவள் அழுதுகொண்டே என்னிடம் வந்து சொன்னாள்.

நாலாம் நாள் காலையில் பின்கட்டுக் கதவு கிரீச்சிட்டது. மாமனார் எழுந்து போய்க் கீலைப் பார்த்தார். அம்மா தடுக்க வந்தாள். அப்பா ஒன்றுமே பேசாமல் உள்ளே போய் ஆணிப் பெட்டியைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். அன்றைக்கு அந்தக் கதவு, அடுத்த நாள் மோட்டார் ரூம் தாழ்ப்பாள், அதற்கடுத்து தையல் மெஷின். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பொதுவில் இல்லாமல் நாள் முழுக்க வேலை பார்த்தார்கள். ஒருவர் கை நீட்டுவார், மற்றவர் ஸ்பேனரை வைப்பார். மொழிபெயர்ப்புச் செயலி எதுவும் தேவைப்படவில்லை. அத்தைக்கு அம்மா கீரை ஆயும் வேலையைக் கொடுத்தாள். அவர்களுக்கும் ஊருக்கு வெளியே தோட்ட வீடு உண்டு, கீரையைக் கையில் எடுத்த விதத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பாயில் உட்கார்ந்துதான் ஆய்ந்தார்கள் டாக்டர், நன்றி.

வெண்பொங்கலைப் பார்த்ததும் அத்தை 'காஷா' என்றார், அவர்கள் ஊரில் தானியத்தைக் குழைய வேகவைத்த கஞ்சி. நீர்மோரை மாமனார் ஒரு நாளைக்கு நாலு தம்ளர் குடித்தார், அவர்கள் ஊரில் கெஃபிர் என்னும் புளித்த பால் பானம் போல இருக்கிறதாம். இறைச்சிக்கு வாரம் இரண்டு முறை வெளியே போய்ச் சாப்பிட்டோம். மாடியில் முட்டை மட்டும்.

கிறிஸ்துமஸ் விருந்தில் வடமராட்சி ஐயா சொன்னது அப்படியே நடந்தது. மாமனார் மோர்த் தம்ளரோடு எழுந்து நின்றார். என்னைப் பெற்றதற்காக என் அம்மாவுக்கு நன்றி சொன்னார். மனைவி அதைத் தமிழில் சொல்லும்போது அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா எழுதி வைத்திருந்த தாளை எடுத்தார். பிறகு அதைப் பார்க்காமலே பேசினார். பள்ளிக்கூட நாட்களில் அவருடைய நோட்டுகளுக்கெல்லாம் 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழத் தாளில்தான் அட்டை போட்டார்களாம். 'அந்த அட்டையில் லேத்து முன்னால் ஒரு தொழிலாளி நிற்கிற படம் இருந்தது. அம்பது வருஷம் கழிச்சு அப்படி ஒருத்தர் என் வீட்டுக் கதவைச் சரிபண்ணுவார்னு நெனைக்கல' என்றார். அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஜனவரி 13 இரவைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. பழைய நாட்காட்டி 13 நாள் பிந்தியது என்பதால், அன்று நள்ளிரவு அவர்களுக்குப் பழைய புத்தாண்டு. விழித்திருப்பார்கள். மறுநாள் விடியலில் நமக்குப் பொங்கல், அம்மாவும் விழித்திருந்தாள். நான் எழுந்து வந்தபோது மணி ஒன்று இருக்கும். வாசலில் அம்மா கோலம் போட, அத்தை ஸ்வெட்டரோடு குனிந்து காவி இட்டுக்கொண்டிருந்தார். விடிந்ததும் பனை ஓலைத் தீயில் பானை பொங்கியது. சர்க்கரைப் பொங்கலைப் பற்றி மனைவி முன்பே சொல்லியிருந்தாள். அப்படியும் அத்தை முதல் வாய்க்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார். இறந்துபோன தன் அம்மாவை நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

19ஆம் தேதி அவர்களுக்குத் திருமுழுக்குத் திருநாள். ஊரில் உறைந்த குளத்தில் பனியை வெட்டித் துளையிட்டு மூன்று முறை முங்குவார்களாம். மாமனார் அன்று காலை ஆறு எங்கே என்று கேட்டார். அப்பா அவரைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போனார். தாமிரபரணியில் இரண்டு பேரும் மூன்று முறை முங்கினார்கள், அவர் சிலுவை போட்டபடி, அப்பா முருகனைக் கும்பிட்டபடி.

தஞ்சாவூர் போகவில்லை, பொன்மலை ஐயா மன்னிக்க வேண்டும். கன்னியாகுமரிக்கு ஒரு நாள் போய் வந்தோம். நெல்லையப்பர் கோவில் மணிமண்டபத்து இசைத்தூண்கள் முன்னால் மாமனார் அரை மணி நேரம் நின்றார். ஒரே கல்லில் அத்தனை சிறு தூண்களை எந்த உளியால், எந்தக் கோணத்தில் குடைந்திருப்பார்கள் என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பொன்மலை | 2 பிப்ரவரி 2025

மன்னிப்பு எல்லாம் எதற்குத் தம்பி. அந்தக் கதவு விஷயத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஹோட்டல் என்று நான் சொன்னது தவறு.

பெங்களூர்_மருமகள் | 3 பிப்ரவரி 2025

புறப்படும்போது பெட்டி மேல் உட்கார வைத்தார்களா?

நெல்லை_மருமகன் | 3 பிப்ரவரி 2025

ஆமாம் அக்கா. கார் வாசலில் நிற்க, எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும் என்றார்கள். அம்மாவும் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து 'எங்க கிளம்பிட்டீங்க?' என்று கேட்டுவிட்டார். அம்மா முகம் சுளித்தாள், மனைவி மொழிபெயர்த்ததும் அத்தையும் முகம் சுளித்தார். எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பது அங்கேயும் இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அப்பா அம்மாவுக்கு அங்கே போக ஆசை வந்துவிட்டது. இருவருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணமாக இருக்கும். மே மாதம் குளிர் தாங்குமா?

கூர்ஸ்க்_டாக்டர் | 3 பிப்ரவரி 2025

ஸ்வெட்டரும் ஒரு ஜாக்கெட்டும் போதும். இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து ரஷ்ய இ-விசா உண்டு. மாஸ்கோவில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடியுங்கள். இங்கே நீங்கள் அவர்களைப் பதிவு செய்த மாதிரி, அங்கே மாமனார் 7 வேலை நாட்களுக்குள் பதிய வேண்டும். துபாயில் சாப்பிடக் கையில் புளியோதரை கட்டிக்கொடுங்கள்.

வடமராட்சி | 3 பிப்ரவரி 2025

மே முதல் பத்து நாள் விடுமுறையை வைத்துப் போங்கள். அப்போதுதான் தோட்ட வீட்டில் உருளைக்கிழங்கு நடுவார்கள். அம்மாவிடம் பழைய சேலை இரண்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.